காளான் கட்சி

“பன்னியா?”

“பன்னிதான். ஆனா குள்ளப் பன்னி. இவ்ளோதான் உயரம்.” கதிர்வேல் தன் முழங்காலுக்குக் கீழே கையை வைத்துக் காட்டினான். “இப்ப அஸ்ஸாம் பக்கம் மட்டும்தான் இருக்குது. ஆளுயரப் புல்லுக்குள்ள. ஒரு காலத்துல மொத்தமா அழிஞ்சி போச்சுன்னே நெனைச்சிட்டாங்க. அப்புறம் பாத்தா, எங்கயோ கொஞ்சம் இருந்துச்சு. நாங்க அதுங்களை வேலிக்குள்ள வெச்சு, குட்டி போட்டதும் வளத்து, திரும்பப் புல்வெளியில விடறோம்.”

“அழகா இருக்குமா?”

“எங்கம்மா போட்டோவைப் பாத்துட்டு, ‘இதுக்காடா எம்எஸ்ஸி படிச்ச’ன்னு கேட்டாங்க.”

இளவரசி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். “என்னுது அதைவிட மோசம். காளான்.”

“பிரியாணியில போடுவாங்களே, அதுவா?”

“அது கடையில விக்கிற காளான்ங்க. நான் படிக்கிறது காட்டுக் காளான். இத்தாலி பக்கத்துல சிசிலின்னு ஒரு தீவு இருக்குதில்ல? அங்க மலை மேல ஒரு வெள்ளைக் காளான் வருது. ஒரு குறிப்பிட்ட செடியோட வேரை ஒட்டித்தான் முளைக்கும். வருஷத்துக்கு இருநூத்தம்பதுகூடத் தேறாதுன்னு கணக்கு எடுத்திருக்காங்க. அழிஞ்சிக்கினு வர்ற உயிருங்களுக்கு ஒரு சிவப்புப் பட்டியல் இருக்குது பாருங்க, அதுல உங்க ஆளு ‘ஆபத்து’. எங்க ஆளு ‘படு ஆபத்து’. ஒரு படி மேல.”

“இதுலயும் போட்டியா?” என்றான் அவன். “நீங்க சிசிலிக்குப் போயிருக்கீங்களா?”

“ஏனாத்தூர் காலேஜு வரைக்கும் போயிருக்கேன்.”

“பாக்காத ஒண்ணுக்காகவா இவ்ளோ சண்டை? சரி, அதைப் பேத்து எடுத்துக்கினு வந்து இங்க வெச்சிட்டா என்ன?”

“காளானை அப்படியெல்லாம் இடம் மாத்த முடியாதுங்க. அது எங்க முளைச்சுதோ அங்கதான்.”

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். பிறகு, “ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன்” என்றான். “கல்யாணத்துக்கு அப்புறம், இந்த வேலையை விட்டுட்டு வான்னு கேக்கக் கூடாது.”

“கேக்க மாட்டேன். நீங்களும் என் வேலையை விட்டுட்டு வான்னு கேக்கக் கூடாது.”

“சத்தியமா கேக்க மாட்டேன்.”

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் தாமலில், ஏரிக்காற்று முகத்தில் அடிக்கும் இளவரசி வீட்டு மொட்டை மாடியில், பெண் பார்க்க வந்த அன்று அவர்கள் தனியாகப் பேசியது இவ்வளவுதான். கீழே பஜ்ஜி ஆறிக்கொண்டிருந்தது. மாடிப்படியில் இறங்கும்போதே அவளுக்கு அவனைப் பிடித்துப் போய்விட்டது. 

நான்கு வருஷமாக இருவரும் கொடுத்த வாக்கைக் காப்பாற்றி வந்தார்கள். சிக்கலே அதுதான்.

கல்யாணமானதும் இளவரசி காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் கதிர்வேலின் வீட்டுக்கு வந்தாள். மாமனார் வேலாயுதம் காலை ஆறு மணிக்குத் தறிக்குழியில் காலை இறக்கினால், அந்தச் சத்தம்தான் அவளுக்கு அலாரம். இளவரசிக்கு ஏனாத்தூர் பக்கத்தில் ஒரு கல்லூரியில் தாவரவியல் உதவிப் பேராசிரியர் வேலை. மாமியார் நீலாம்பாள் மருமகளுக்கு டிபன் டப்பா கட்டிக் கொடுத்துவிட்டு, தெருமுனை வரை வந்து பஸ் ஏற்றிவிடுவாள். குறை என்று சொல்ல ஒன்றும் இல்லை. கணவன் மட்டும் அஸ்ஸாமில் இருந்தான்.

வருஷத்துக்கு இரண்டு முறை வருவான். பதினைந்து பதினைந்து நாள். மற்ற நாட்களில் போனில் வருவான். அன்று பிறந்த குட்டியைக் காட்டுவான். அவள் கல்லூரி வளாகத்தில் மழைக்குப் பிறகு முளைத்ததைக் காட்டுவாள். எது அதிகப் பரிதாபத்துக்குரியது என்று சண்டை போடுவார்கள். நீலாம்பாள் அடுக்களையிலிருந்து, “பன்னிக்கும் காளானுக்கும் சண்டை முடிஞ்சுதா? சோறு ஆறுது” என்று குரல் கொடுப்பாள்.

அவனைத் திரும்பி வரச் சொல்லத்தான் இளவரசி மனசுக்குள் தவிக்கிறாள் என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். “நீ ஒரு வார்த்தை சொல்லு அரசி, அவன் பொட்டியைக் கட்டிக்கினு வந்துடுவான்” என்று நீலாம்பாள் பலமுறை சொல்லியிருக்கிறாள்.

இளவரசி கேட்க நினைத்தது அது இல்லை. என்னையும் உங்களோடு கூட்டிக்கொண்டு போங்கள் என்பதுதான்.

கல்யாணமான இரண்டாம் மாதமே அதைக் கேட்கத் துணிந்தாள். போனைக் கையில் எடுத்து, என்ன சொல்ல வேண்டும் என்று ஒத்திகை கூடப் பார்த்தாள். அன்றைக்கென்று அவன் முந்திக்கொண்டான். “இங்க குடும்பமா வந்து இருக்கறதுக்கெல்லாம் இடமே இல்ல இளா. மழை, அட்டைப்பூச்சி, ராத்திரி யானை வேற. பொண்ணுங்க வர்ற இடமா இது?”

“ஓ” என்றாள் அவள். “சாப்டீங்களா?” என்று கேட்டாள்.

அதன் பிறகு அவள் அந்தக் கேள்வியை எடுக்கவே இல்லை. அவன் அழைக்கட்டும் என்று காத்திருந்தாள். அவனோ ஒருநாளும் அழைக்கவில்லை.

இந்த அக்டோபரில் அவன் வந்தபோது மட்டும் காத்திருப்பதற்கு ஒரு கெடு வந்துவிட்டது. முனைவர் பட்ட ஆராய்ச்சிக்காக இளவரசிக்கு ஜனவரியிலிருந்து ஒரு வருஷம் படிப்பு விடுமுறை கிடைத்திருந்தது. எங்கே இருந்து ஆராய்ச்சி செய்யப் போகிறாள் என்று திங்கட்கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அஸ்ஸாம் புல்வெளிகளில் என்னென்ன காளான்கள் இருக்கின்றன என்று பார்க்கலாம் என வழிகாட்டிப் பேராசிரியர் சம்மதம் சொல்லியிருந்தார். வீட்டிலோ அவள் தினமும் ரயிலில் சென்னை நூலகத்துக்குப் போய்வரப் போவதாகத்தான் பேச்சு. கதிர்வேலும், “சீசன் டிக்கெட் எடுத்துடு” என்றான். ஞாயிற்றுக்கிழமை அவன் கிளம்புகிறான்.

வந்தது வெள்ளிக்கிழமை பட்டிமன்றம்.

வனவிலங்கு வாரத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று கல்லூரி முதல்வர் சொல்ல, தமிழ்த்துறைத் தலைவர் தேசிகன் உற்சாகமாகிவிட்டார். சின்னக் காஞ்சிபுரத்துக்காரர். பட்டிமன்றம் என்றால் பந்தி போட்டது மாதிரி அவருக்கு. “புருஷன் பன்னி, பெண்டாட்டி காளான். இதைவிட என்ன வேணும்? ரெண்டு பேரும் எதிரெதிர் அணித் தலைவர்கள். ‘முதலில் காப்பாற்றப்பட வேண்டியது குள்ளப் பன்றியா, காளானா?’ நான் நடுவர். ஊர் ஜனங்களும் வரட்டும், பேனர் கட்டிடலாம்” என்றார்.

பேனர் வேலையை இளவரசிதான் விமல்ராஜிடம் கொடுத்தாள். பெரிய காஞ்சிபுரத்தில் பிளெக்ஸ் கடை வைத்திருப்பவன். ‘ஒரு பக்கம் குள்ளப் பன்றி, ஒரு பக்கம் குடை விரித்த காளான்’ என்று எழுதி, இரண்டு படமும் அனுப்பியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸிலிருந்து பேனரைப் பார்த்தவள் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டாள். சங்கு சக்கரத்தோடு, பூமாதேவியைத் தாங்கி, பத்தடி உயரத்தில் வராகப் பெருமாள் நின்றார். எதிர்ப்பக்கம், ஜரிகைத் தொங்கலோடு வெள்ளை நிறத்தில் ஒரு கோயில் குடை. நடுவே, ‘வராகமா? குடையா? மாபெரும் பட்டிமன்றம். அனைவரும் வருக.’

போன் போட்டாள். “விமல்ராஜ், என்னாப்பா இது?”

“நல்லா வந்திருக்குதா மேடம்?”

“நான் அனுப்பின படம் எங்கப்பா?”

“மேடம், நீங்க படிச்சவங்க, உங்களுக்குத் தெரியாததில்ல. கோயிலுக்குப் போற வழியில பத்தடிக்குப் பன்னி மூஞ்சியப் போட்டா என்னைக் கடை நடத்த உடுவாங்களா? பன்னின்னா பெருமாள் அவதாரம்தானே, அதையே போட்டுட்டேன். குடைன்னு எழுதியிருந்தீங்க. நாய்க்குடையப் போயி பெருமாள் பக்கத்துல வெப்பாங்களா? நல்ல குடையாப் பாத்து வெச்சேன். எக்ஸ்ட்ரா காசு வாணாம் மேடம், சாமி காரியம்.”

தேசிகனிடம் ஓடினாள். அவர் போனில் வந்திருந்த பேனர் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். “தப்புன்னு சொல்ல முடியலையேம்மா” என்றார். “கூட்டம் வரும் பாரு.”

கூட்டம் வந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு ஷேர் ஆட்டோக்களில் சின்னக் காஞ்சிபுரத்திலிருந்து முப்பது பேர் வந்து இறங்கினார்கள். முன்வரிசையில் தேசிகனின் தெருவில் இருக்கும் ஹேமாம்புஜம் மாமி, துளசி மாலையோடும் ஒரு தூக்கில் சுண்டலோடும் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்திலேயே நீலாம்பாள். வேலாயுதம் வரவில்லை. தறியில் முந்தானை ஏறியிருந்தது. “நடுவுல எழுந்தா கை மறந்துடும்” என்று மகனை அனுப்பிவிட்டு மிதியை மிதிக்கத் தொடங்கியிருந்தார்.

“பெருமாளை எப்போ எழுந்தருளப் பண்ணுவா?” என்று மாமி நீலாம்பாளிடம் கேட்டாள்.

“எம்புள்ளதான் மாமி பேசப் போறான்.”

“உபன்யாசமா? பேஷ். எங்கே பாடம் வாசிச்சார்?”

“அஸ்ஸாம்ல” என்றாள் நீலாம்பாள், வேறு என்ன சொல்வது என்று தெரியாமல்.

முதலில் கதிர்வேல் எழுந்தான். திரையில் குள்ளப் பன்றியின் படம் வந்ததும் முன்வரிசையில் பலத்த சலசலப்பு. தேசிகன் ஒலிவாங்கியைப் பிடித்து, “பயப்படாதேங்கோ, இது அவதாரத்துக்கு முந்தின நிலை” என்று சமாளித்தார். மாணவர்கள் விசில் அடித்தார்கள்.

“இதான் எங்க ஆளு” என்றான் கதிர்வேல். “எட்டு ஒன்பது கிலோதான் இருக்கும். ஆனா ஒரு விஷயத்துல நம்மளைவிடப் பெரிய ஆளு. இங்க உக்காந்திருக்கிற ஆம்பளைங்கள்ல எத்தனை பேரு உங்க படுக்கையை நீங்களே போட்டுக்கறீங்க? கை தூக்குங்க.”

ஒரு கையும் எழவில்லை. பெண்கள் பக்கம் சிரிப்பு கிளம்பியது.

“எங்க ஆளு புல்லைக் கடிச்சு எடுத்துக்கினு வந்து, அடுக்கி, தானே மெத்தை போட்டுக்கும். ஆண், பெண், ரெண்டும்.”

“கதிரு, நீ போடறியா?” என்று நீலாம்பாள் உட்கார்ந்த இடத்திலிருந்து கேட்டாள். அரங்கமே அதிர்ந்தது.

அவன் சமாளித்துக்கொண்டு, புல்வெளி எப்படிச் சுருங்கியது, பன்றிக் காய்ச்சல் வந்தால் ஒரே வாரத்தில் எல்லாம் போய்விடும் ஆபத்து, வேலிக்குள் பிறந்த குட்டி முதல்முதலாகப் புல்லுக்குள் ஓடி மறைவது என்று சொல்லிக்கொண்டே போனான். குட்டியைப் பற்றிப் பேசும்போது அவன் குரல் மாறியது. இளவரசி கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் அணி மாணவி பிரவீனா முழங்கையால் இடித்தாள். “மேடம், நாம எதிர்க்கட்சி. ரசிக்காதீங்க.”

அப்போதுதான் ஹேமாம்புஜம் மாமி கை தூக்கினாள். நடுவில் கேள்வி கேட்கக் கூடாது என்று யாரும் சொல்வதற்குள் எழுந்தே நின்றுவிட்டாள்.

“எனக்கு ஒண்ணு புரியலை. பெருமாள் புறப்பாடு ஆனா குடையும் கூடவே போகணுமோல்லியோ? குடை வரலைன்னா பெருமாள் வாசலைத் தாண்ட மாட்டார். அப்படியிருக்க ரெண்டையும் எதுக்கு எதிரெதிர்க் கட்சியா உக்காத்தி வெச்சிருக்கேள்?”

அரங்கம் கைதட்டியது. தேசிகன், “மாமி, அது வேற குடை” என்று ஆரம்பித்து, எப்படி விளக்குவது என்று தெரியாமல் தண்ணீர் குடித்தார். இளவரசியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே எதிர் மேசையைப் பார்த்தாள். கதிர்வேல் மட்டும் சிரிக்கவில்லை. கையிலிருந்த குறிப்புத்தாளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“மாமி கேட்டது நல்ல கேள்வி” என்றான். “பன்னியை நம்மால தூக்கிக்கினு போக முடியும். ஒரு காட்டுல இடமில்லன்னா இன்னொரு காட்டுல விடலாம். காளான் அப்படி இல்ல. அது எங்க முளைச்சுதோ அங்கதான். இதை எனக்குச் சொன்னதே எதிரணித் தலைவிதான்.” மாணவர்கள் ‘ஓ’ என்று கத்தினார்கள். “நாலு வருஷமா நான் அதை மறக்கல. அப்படிப்பட்ட உயிருக்கு நாம செய்யக்கூடியது ஒண்ணே ஒண்ணுதான். தொந்தரவு பண்ணாம விடறது. சுத்தி ஒரு வேலி போட்டுட்டு, நாம வெளியே நின்னுக்கறது. எவ்ளோ ஆசை இருந்தாலும் கை வைக்கக் கூடாது. அதனாலதான் சொல்றேன், ஓடி ஓடிக் காப்பாத்த வேண்டியது பன்னியை. காளானுக்கு நாம தள்ளி நின்னா போதும்.”

கைதட்டல் எழுந்தது. இளவரசி தட்டவில்லை. அவன் காளானைப் பற்றிப் பேசவில்லை என்பது அந்த அரங்கத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரிந்தது. மொட்டை மாடியில், பெண் பார்க்க வந்தவனிடம், பேச்சுவாக்கில் சொன்ன ஒரு வரி. அதை அவளைப் பற்றிய தகவலாக எடுத்துக்கொண்டு நான்கு வருஷம் தள்ளி நின்றிருக்கிறான் இந்த மனுஷன்.

“மேடம், உங்க டர்ன்” என்றாள் பிரவீனா. “கலக்குங்க. அவரே நம்ம பாயிண்டை எடுத்துக் கொடுத்துட்டாரு. இடம் மாத்த முடியாத உயிருக்குத்தான் முதல்ல உதவி தேவை. அதை அடிச்சா ஜெயிச்சோம்.”

பிரவீனா சொன்னது சரி. இளவரசி இரண்டு வாரமாகத் தயார் செய்ததும் அதுதான். அவள் பேச்சின் கடைசிப் பக்கம் முழுக்க அந்த ஒரே வாதம், சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு. ஒலிவாங்கியின் முன்னால் போய் நின்றாள். முதல் ஐந்து நிமிஷம் எழுதி வைத்தபடியே பேசினாள்.

“எதிரணிக்கு ஒரு மூஞ்சி இருக்குது, கண்ணு இருக்குது, குட்டி இருக்குது. பேனர்ல போட முடியலன்னாகூடப் பெருமாளாவது கிடைச்சாரு. காளானுக்கு என்ன இருக்குது? சமைக்கலாமா, கூடாதான்னு ஒரே கேள்விதான். எந்தக் குழந்தையாவது காளான் பொம்மையைக் கட்டிப் புடிச்சிக்கினு தூங்குதா? விலங்குக்குச் சரணாலயம் இருக்குது, பறவைக்கு இருக்குது. காளானுக்குன்னு ஒண்ணு கேள்விப்பட்டிருக்கீங்களா? மழை பெஞ்ச மறுநாள் வரும், மூணு நாள்ல போயிடும். அது இருந்ததே தெரியாத ஊர்ல, அது இல்லாமப் போனது எப்படித் தெரியும்?”

நல்ல கைதட்டல். பிரவீனா கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். இளவரசி கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். அடிக்கோடு போட்ட வரி கண்ணில் பட்டது. படிக்கவில்லை.

“நடுவர் அவர்களே, எதிரணித் தலைவர் கடைசியா ஒண்ணு சொன்னாரு. காளானை இடம் மாத்த முடியாதுன்னு நான்தான் சொன்னேனாம். சொன்னது நெசம்தான். ஆனா அது பாதி உண்மை. அந்த சிசிலிக் காளானை மலையிலேர்ந்து எடுத்து, கீழ பண்ணையில, வைக்கோல் மேல வளத்துப் பாத்திருக்காங்க. வளருது.”

“மேடம்!” என்று பிரவீனா மேசைக்குப் பின்னாலிருந்து பல்லைக் கடித்தாள். “நம்ம பாயிண்டையே உடைக்கறீங்களே!”

“தெரியும், எங்க கட்சிக்கு இது நஷ்டம். ஆனா பொய் சொல்லி ஜெயிக்க முடியாது. மலையில இருக்கிற காளான் இன்னும் ஆபத்துலதான் இருக்குது, அதுக்கு வேலி வேணும், அதுவும் நெசம். நான் சொல்ல வந்தது வேற. இடம் மாறினா இது செத்துடும்னு நாமளே முடிவு பண்ணிடறோம். ஈரமும் இடமும் கொடுத்துப் பாத்தவங்களுக்குத்தான் அது முளைக்குதுன்னு தெரிஞ்சுது.” அவள் திரும்பி எதிர் மேசையைப் பார்த்தாள். “வேலிக்கு வெளிய நிக்கறது மரியாதைதான். ஆனா உள்ள இருக்கறதுக்கு அது மரியாதையாத் தெரியாது. யாருமே வரலன்னுதான் தெரியும்.”

சட்டென்று உட்கார்ந்துவிட்டாள். முடிந்துவிட்டதா இல்லையா என்று புரியாமல் கொஞ்சம் தாமதமாகத்தான் கைதட்டல் வந்தது. கதிர்வேலின் குறிப்புத்தாள் மேசையிலிருந்து விழுந்தது. அவன் அதை எடுக்கக்கூட இல்லை.

தேசிகன் தீர்ப்பைச் சுருக்கமாக முடித்தார். “ரெண்டும் வேணும்னு சொல்லி நழுவற நடுவர் நான் இல்லை. காளான் கட்சித் தலைவியே கடைசி நிமிஷத்துல சேம் சைடு கோல் போட்டுட்டா. அதனால பன்றி அணி வெற்றி. இந்தப் பன்றி மேல மட்டுமே வாழற பேன் ஒண்ணு இருக்காம், அதுவும் அழியற பட்டியல்ல இருக்காம். பன்றி பிழைச்சா அதுவும் பிழைக்கும். அந்தப் பேனுக்கும் சேர்த்து என் வாழ்த்துகள்.”

ஹேமாம்புஜம் மாமி எல்லோருக்கும் சுண்டல் கொடுத்தாள். பெருமாள் எழுந்தருளவில்லை என்பதில் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் கதிர்வேலின் கையில் இரண்டு கரண்டி அதிகமாகவே போட்டு, “குட்டி ஓடறதுன்னு சொன்னேளே, அது நன்னா இருந்தது. அடுத்த தடவை வீடியோவா கொண்டு வாங்கோ” என்றாள்.

மழை தூறத் தொடங்கியிருந்தது. வண்டி நிறுத்தும் கொட்டகையில், ஸ்கூட்டியின் சீட்டைத் துடைத்துக்கொண்டு நின்றான் கதிர்வேல். இளவரசி கைப்பையை மார்போடு அணைத்தபடி வந்தாள். நீலாம்பாள் சற்றுத் தள்ளி, வாசலில், மாமி கூட்டத்தோடு ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருந்தாள்.

“ஜெயிக்க வேண்டியதை விட்டுட்ட” என்றான் அவன்.

“பரவால்ல. உங்க பன்னி பொழைக்கட்டும்.”

“பண்ணையில வளருதுன்னு முன்னாடியே தெரியுமா உனக்கு?”

“கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும்.”

“அப்ப ஏன் அன்னிக்கு அப்படிச் சொன்ன?”

“பொண்ணு பாக்க வந்தவரு, அதைப் பேத்துக்கினு வந்து இங்க வெச்சா என்னன்னு கேட்டாரு. வேற எப்படி வாயை அடைக்கறது? காளானைத்தானே சொன்னேன். என்னையா சொன்னேன்?”

அவன் துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தான். “எனக்கு என்னாமோ, நீ உன்னைத்தான் சொல்றன்னு பட்டுது. உன் காலேஜு, உங்கப்பா, எங்கம்மாகூட நீ சிரிச்சிக்கினு இருக்கறது… இதுலேர்ந்து உன்னைப் புடுங்கிக்கினு போனா பாவம்னு நெனைச்சேன். கேக்க மாட்டேன்னு வேற சத்தியம் பண்ணியாச்சு.”

“வேலையை விட்டுட்டு வான்னு கேக்க மாட்டேன்னுதான் சத்தியம். வேலையோட வான்னு கேக்கறதுக்கு என்னா?”

“அது… எனக்குத் தோணவே இல்ல.”

“எனக்குத் தோணுச்சு. அதைக் கேக்கலாம்னுதான் போன் எடுத்தேன். நீங்க குடும்பத்துக்கு இடமே இல்லன்னு சொல்லிட்டீங்க. அட்டைப்பூச்சி, யானைன்னு.”

“எப்போ?”

“நாலு வருஷத்துக்கு முன்னாடி. ஆவணி மாசம். சனிக்கிழமை.”

கதிர்வேல் நெற்றியைத் தேய்த்தான். “அன்னிக்குக் குவார்ட்டர்ஸ் கூரை ஒழுகிச்சு இளா. ராத்திரி பூரா வாளி வெச்சிக்கினு உக்காந்திருந்தேன். எரிச்சல்ல சொல்லியிருப்பேன். அடுத்த வாரமே புதுத் தகரம் போட்டுட்டாங்க. ரெண்டு ரூம்பு இருக்குது. ஒண்ணுல சும்மா தீவன மூட்டை அடுக்கி வெச்சிருக்கேன்.”

“தீவன மூட்டையா?”

“ஆமா.”

“நாலு வருஷமாவா?”

“ஆமா” என்றான் மறுபடியும், குற்றவாளி மாதிரி. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. இந்த ஆளைத் திட்டுவதா, சட்டைக் காலரைப் பிடித்து உலுக்குவதா என்று தெரியவில்லை. அவன் மறுபடியும் சீட்டைத் துடைக்கத் தொடங்கினான். இனி அவன்தான் அழைக்க வேண்டும் என்று காத்திருந்தால் இன்னும் நாலு வருஷம் போகும் என்று அவளுக்குத் தோன்றியது.

“ஏங்க” என்றாள்.

“சொல்லு.”

“ஏம்பா கதிரு!” வாசலிலிருந்து நீலாம்பாளின் குரல். “ஆட்டோ வந்துடுச்சு. மழை வலுக்கறதுக்குள்ள கிளம்புங்க. என்னா அங்க நின்னுக்கினு இருக்கீங்க?”

எப்போதும் இப்படித்தான். யாராவது கூப்பிடுவார்கள், சோறு ஆறும், பஸ் வரும், போனில் சார்ஜ் தீரும். “ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போயி பேசலாம்” என்று சொல்ல அவள் நாக்குக்கு நன்றாகப் பழகியிருந்தது. வாயைக் கூடத் திறந்துவிட்டாள்.

கதிர்வேல் வண்டியை எடுக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். “என்னா இளா?”

மாமியார் காதில் விழும், மாமி காதில் விழும், கொட்டகையில் நின்ற நாலைந்து மாணவிகள் காதிலும் விழும். விழட்டும் என்று நினைத்தாள். மழைச் சத்தத்துக்கு மேல் கேட்கும்படி, வகுப்பில் பேசுகிற குரலில் சொன்னாள்.

“ஜனவரியில என்னையும் அஸ்ஸாமுக்குக் கூட்டிக்கினு போங்க.”